ஈய மூடியும் வாசல் குளியலும்

என் மனைவி அவளுடைய அம்மா வீட்டுக்குப் போய் ஏழு மாதம் ஆகிறது. செஞ்சியிலிருந்து வல்லம் பக்கம், வண்டியில் போனால் அரை மணி நேரம். அவள் திரும்பி வருவாளா மாட்டாளா என்பது ஒன்றுதான் இன்றைக்கு என்னிடம் இருக்கிற கேள்வி. ஊரில் ஆளுக்கொரு கதை கட்டிவிட்டார்கள். நான் குடித்துவிட்டு அடித்தேன் என்று ஒரு கதை. வாழ்க்கையில் பீர் பாட்டிலை மோந்துகூடப் பார்த்ததில்லை. வேறொருத்தியோடு தொடர்பு என்று இன்னொரு கதை. எனக்கிருக்கும் மூஞ்சிக்கு அந்தக் கதை கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நடந்தது இதெல்லாம் இல்லை. நாலு மாதம் தினமும் வேலை முடிந்து வந்து, வாசலில் குளித்துவிட்டு வீட்டுக்குள் போனேன். அங்கே ஆரம்பித்தது. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

என் வேலையைச் சொன்னால்தான் விஷயம் புரியும். எங்கள் பக்கம் பூமிக்கடியில் எரிவாயுக் குழாய் பதிக்கிறார்கள். குழாயும் குழாயும் சேருகிற இடத்தை வெல்டிங் வைத்து ஒட்டுவார்கள். உள்ளே மயிரிழை விரிசல் இருந்தாலும் பிற்பாடு உயிர் போகும். அதனால் ஒவ்வொரு இணைப்பையும் கதிர் பாய்ச்சிப் படம் எடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் எலும்புக்கு எடுக்கிற எக்ஸ்ரேவை நாங்கள் இரும்புக்கு எடுக்கிறோம், அவ்வளவுதான். அதற்கு மின்சாரம் கிடையாது. அரிசி அளவு இரிடியம் ஒன்று, உலோகக் குப்பிக்குள் அடைத்து வரும். ராத்திரி பகல் பார்க்காமல் கதிர் விட்டுக்கொண்டே இருக்கும். சுவிட்ச் போட்டு அணைக்க முடியாது. அதை ஈயத்தைவிடக் கனமான உலோகக் கவசம் போட்ட பெட்டிக்குள் வைத்திருப்போம். பெட்டிக்குப் பெயர் கேமரா. லென்சும் கிடையாது, ஒன்றும் கிடையாது. தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

வேலை இல்லாத நேரத்தில் அந்த கேமராவைக் கண்ட இடத்தில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போக முடியாது. அதற்கென்று ஒரு குழி உண்டு. அனந்தபுரம் போகிற வழியில் கம்பெனி போட்டிருந்த யார்டில், ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் ஒரு தனி அறை. தடித்த காங்கிரீட் சுவர். தரையில் காங்கிரீட்டால் கட்டிய குழி. அதன் மேல் ஈயத் தகடு பதித்த இரும்பு மூடி. மூடிக்கு இரண்டு பூட்டு, ஒரு சாவி என்னிடம், இன்னொன்று என் மேலதிகாரியிடம். இரண்டு பேரும் இல்லாமல் குழி திறக்காது. அறைக்கு வெளியே கம்பி வேலி, வேலியில் மஞ்சள் பலகை. கேமரா வெளியே போகும்போதும் உள்ளே வரும்போதும் மீட்டர் வைத்துக் கதிரை அளந்து நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் குழிக்குப் பொறுப்பாளி நான்தான். மூடியைப் போட்டுப் பூட்டிவிட்டு வெளியே வந்து சுவரோரம் மீட்டரைப் பிடித்தால், வெட்டவெளி வயலில் எவ்வளவு காட்டுமோ அவ்வளவுதான் காட்டும். என் சட்டையில் ஒரு பட்டை குத்தியிருப்பேன். என் உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று அது சேர்த்து வைக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதை அனுப்பிச் சோதிப்பார்கள். ஒரு தடவைகூட எனக்குப் பயப்படும்படி எதுவும் வந்ததில்லை.

இன்னொரு விஷயம் முக்கியம். குப்பி உடையாத வரைக்கும் அந்தச் சரக்கு யார் மேலும் ஒட்டாது. டார்ச் லைட் வெளிச்சம் சட்டையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வருமா? அப்படித்தான் இதுவும். இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! யார்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தவர் ஒரு நாள் கேட்டார்.

"உள்ள அணுகுண்டு வெச்சிருக்கீங்களாமே? இன்னா சார் இது, புள்ள குட்டிங்க நடமாடற எடம்."

"உன் வடை சட்டியில இருக்கற எண்ணெயவிட அதுல ஆபத்து கம்மி. நீ மொதல்ல அத மாத்து" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஈய மூடியாலேயே முடியவில்லை.

என் மனைவி செஞ்சி கடைவீதியில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்னாலேயே என் வேலையைப் பற்றி அவளிடம் சொல்லிவிட்டேன். பயப்படவில்லை. "நாங்ககூட சில மருந்த தனியா பூட்டிதான் வெப்போம், அது மாரிதானே" என்றாள். அவ்வளவுதான், அதற்குமேல் அவள் கேட்டதில்லை. நான்கு வருடம் குழந்தை இல்லை. அப்போதே அவளுடைய சொந்தக்காரர்கள் என் பெட்டியைத்தான் சொன்னார்கள். அவள் யாரையும் பேச விடவில்லை. டாக்டரிடம் இருவரும் போய்ச் சோதித்துக்கொண்டோம், இருவருக்கும் குறையில்லை என்றார்கள். அந்தச் சீட்டை மடித்துக் கைப்பையிலேயே வைத்திருந்தாள், எவளாவது வாயைத் திறந்தால் காட்டுவதற்கு. ஐந்தாம் வருடம் உண்டானாள்.

மூன்றாம் மாதத்தில் என் மாமியார் துணைக்கு வந்து தங்கினார். அத்தை நல்ல மனுஷி, அதை நான் மறுக்கவே மாட்டேன். வந்த மறுநாள் சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது வாசலில் ஒரு அண்டா நிறையத் தண்ணீர் இருந்தது. பக்கத்தில் சோப்பு, துண்டு.

"மாப்ள, தப்பா நெனச்சிக்காதீங்க. நீங்க இருக்கற எடம் ஒரு மாரியான எடம். குளிச்சிட்டு உள்ள வாங்க. துணிய தனியா போடுங்க, நான் தொவைச்சிக்கறேன்."

சாவு வீட்டுக்குப் போய் வந்தவன் வாசலில் குளித்துவிட்டு உள்ளே வருவான் இல்லையா, அந்த மாதிரி. எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "அத்தை, அது ஒட்டற சரக்கு இல்ல" என்று ஆரம்பித்தேன். டார்ச் லைட் கதையை மறுபடி சொல்ல வாயைத் திறந்தேன். என் மனைவி உள்ளேயிருந்து, "அம்மா மனசுக்குத்தானங்க, குளிச்சா இன்னா கொறஞ்சிடும்" என்றாள். சரி, வாயும் வயிறுமாக இருப்பவள் எதிரில் எதற்குச் சண்டை என்று குளித்தேன். அன்று முதல் தினமும் குளித்தேன். மழைக்காலத்தில்கூட, தெருவே வேடிக்கை பார்க்க, அண்டாத் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டு நடுங்கினேன்.

அங்கேதான் நான் சறுக்கினேன். ஒட்டாது ஒட்டாது என்று ஊருக்கெல்லாம் கத்துகிறவன், வீட்டு வாசலில் ஒட்டியதைக் கழுவுகிற மாதிரி குளித்தால் பார்க்கிறவர்கள் எதை நம்புவார்கள்? பக்கத்து வீட்டுப் பெண்கள் தங்கள் பிள்ளைகளை எங்கள் வாசலுக்கு விடுவதை நிறுத்தினார்கள். அது எனக்குத் தெரிந்தே நடந்தது. பெரிய மனுஷன் மாதிரி கண்டுகொள்ளாமல் இருந்தேன்.

இன்னொன்றும் உண்டு. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் குளியல் எனக்கே பிடித்துப்போயிற்று. தலையில் தண்ணீர் விழும்போது ஒரு நிம்மதி வந்தது. இந்த வேலைக்குப் பயிற்சி எடுத்தபோது முதல் நாளே ஒரு படம் காட்டினார்கள். எங்கோ ஒருவன், கீழே விழுந்து கிடந்த குப்பியை ஏதோ இரும்புத் துண்டு என்று கையில் எடுத்திருக்கிறான். வெந்து கறுத்துப்போன அவனுடைய விரல்களின் படம். அந்த விரல்கள் எனக்குள் இத்தனை வருடமாக இருக்கின்றன. நான் வாய் கிழியப் பேசுவதெல்லாம் அந்தப் படத்தை மறைக்கத்தான். எங்கள் தொழிலில் மூன்று பாடம் சொல்லித் தருவார்கள். அதன் பக்கத்தில் இருக்கிற நேரத்தைக் குறை, தூரத்தைக் கூட்டு, நடுவில் ஒரு தடுப்பு வை. குழியிடம் நான் அப்படி நடந்துகொண்டதில் தப்பே இல்லை. வீட்டில் என் மனைவியிடமும் நான் அப்படியே நடக்க ஆரம்பித்தேன். பாயைக் கூடத்தில் போட்டுக்கொண்டேன். அத்தை அறையில் அவளுடன் படுக்கிறார் என்று காரணம் சொன்னேன்.

ஆறாம் மாதம் ஒரு சாயங்காலம். அவள் நாற்காலியில் உட்கார்ந்து மாதுளம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று "ஐயோ!" என்று சிரித்தாள்.

"ஏங்க, இங்க வாங்களேன். உதைக்குது பாருங்க. கை வெச்சிப் பாருங்க."

அத்தை தோட்டத்துப் பக்கம் இருந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை. நான் குளித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். என் பட்டை சுத்தம், மீட்டர் சுத்தம், எனக்கு எல்லாம் தெரியும். எழுந்து இரண்டு அடி வைத்தேன். பிறகு, "இரு, போன் அடிக்கிது" என்று வெளியே போய்விட்டேன். போன் அடிக்கவில்லை. தெருவில் நின்று யாரிடமோ பேசுவது போல் தலையாட்டிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது அவள் மாதுளம்பழத்தை மூடி வைத்திருந்தாள். "இப்ப தூங்கிடுச்சி" என்றாள். அதன்பிறகு அவள் என்னைக் கூப்பிடவில்லை.

ஏழாம் மாதம் வளைகாப்புக்கு நாள் குறித்தாயிற்று. அதற்கு ஒரு வாரம் முன்பு, காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நேத்துலேர்ந்து அசைவே இல்லங்க" என்றாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா திரையை வெகுநேரம் பார்த்தார். என்னை மட்டும் வெளியே கூப்பிட்டுத் தோளைத் தொட்டார். தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றி முடிச்சு விழுந்திருக்கிறது, யார் தப்பும் இல்லை, லட்சத்தில் யாருக்கோ நடக்கும் என்று சொல்ல மாட்டேன், நடக்கக்கூடியதுதான் என்றார். நான் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "என் வேலையால இல்லையே மேடம்?" என்று கேட்டேன். இல்லவே இல்லை என்றார். அந்த நொடியில் எனக்கு வந்தது அழுகை இல்லை, நிம்மதி. அதற்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

மறுநாள் மத்தியானம் குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. நர்ஸ் ஒரு வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கதவருகே நின்றார். நான் முன்னால் போனேன். அத்தை குறுக்கே வந்தார். அவர் கண் வீங்கியிருந்தது.

"நீங்க தொடாதீங்க மாப்ள. வேணாம்."

அதட்டவில்லை. கெஞ்சினார். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் வழிவிட்டிருப்பார். டீக்கடையில் அத்தனை பேச்சுப் பேசியவன் நான், அங்கே வாயை மூடிக்கொண்டு பின்னால் நகர்ந்தேன். மாமனார் வாங்கிக்கொண்டார். சுடுகாட்டோரம் குழி வெட்டியிருந்தார்கள். அவர் இறங்கி வைத்தார். நான் பத்தடி தள்ளி வேப்பமரத்தடியில் நின்றிருந்தேன். ஆளுக்கு ஒரு கைப்பிடி மண் போடச் சொன்னார்கள், அதை மட்டும் போட்டேன்.

அடுத்த பதினைந்து நாள் வீட்டில் யாரும் உரக்கப் பேசவில்லை. அண்டா வாசலிலேயே இருந்தது. அத்தை தண்ணீர் நிரப்பவில்லை, எடுத்து உள்ளே வைக்கவும் இல்லை. ஒரு நாள் நான் பழக்க தோஷத்தில் அதற்குள் எட்டிப் பார்த்தேன். என் மனைவி நிலைப்படியில் நின்றிருந்தாள்.

"உங்கள ஒண்ணு கேக்கறேன். ஒட்டாதுன்னா ஏன் தெனமும் குளிச்சீங்க?"

"உங்கம்மா சொன்னாங்கன்னு குளிச்சேன். நீயும்தான் குளிக்கச் சொன்ன!" என்று கத்தினேன்.

"நாங்க சொன்னா? நாங்க இன்னா படிச்சோம் அதப்பத்தி? நீங்கதானே படிச்சவரு. மடியில கனம் இல்லன்னா வழியில இன்னாங்க பயம்?"

சும்மா இருந்திருக்கலாம். பக்கத்தில் போய் உட்கார்ந்து அழுதிருக்கலாம். எனக்கு அது தெரியவில்லை. மறுநாள் யார்டிலிருந்து மீட்டரை எடுத்து வந்தேன். எடுத்து வரக் கூடாது. ஆனாலும் எடுத்து வந்தேன். அவளைக் கையைப் பிடித்து வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனேன். எங்கள் வீடு மலையடிவாரத்தில், பின்பக்கமே பெரிய பாறைதான். மீட்டரை என் நெஞ்சில் வைத்தேன், கையில் வைத்தேன், வேலைக்குப் போட்டுப் போகிற சட்டையில் வைத்தேன். டிக், டிக் என்று சோம்பலாக அடித்தது. பாறையில் வைத்தேன். வேகமாக அடித்தது. கருங்கல்லில் இயற்கையாகவே கொஞ்சம் கதிர் உண்டு, யாரையும் ஒன்றும் செய்யாது.

"பாத்தியா? நான் காவல் காக்கற குழி செவுத்துலகூட இவ்ளோ இல்ல. இந்தப் பாறையில அதவிட அதிகமா இருக்குது. நீ பொறந்ததுலேர்ந்து இதுங்க நடுவுலதான் இருக்கற. இப்ப நம்பறியா?"

அவள் பாறையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்ப என் புள்ளய மலை கொன்னுடுச்சின்றியா?"

கல்யாணமான நாளிலிருந்து அன்றைக்குத்தான் என்னை முதல் தடவையாக ஒருமையில் பேசினாள். "நான் கேட்டது இன்னா, நீ காட்டறது இன்னா? தூக்கிப் போடு அத" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்று சாயங்காலமே அம்மாவும் மகளும் வல்லம் பஸ் ஏறிவிட்டார்கள். ஜெயித்தவன் மாதிரி மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு நான் வாசலில் நின்றேன்.

இந்த ஏழு மாதத்தில் போன் செய்தால் எடுப்பாள். சாப்பிட்டீங்களா என்பாள், வைத்துவிடுவாள். போன ஞாயிற்றுக்கிழமை ஆனது ஆகட்டும் என்று நானே கிளம்பிப் போனேன். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கிக் களத்தில் குவித்திருந்தார்கள். அவள் புங்கமரத்தடியில் உட்கார்ந்து செடியிலிருந்து காயை ஆய்ந்துகொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். அத்தை என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க மாப்ள" என்று சொல்லிவிட்டு, டீ போடுகிற சாக்கில் வீட்டுக்குள் போனார்.

"மீட்டரு கொண்டாந்தீங்களா?" என்றாள் என் மனைவி.

"இல்ல."

"உக்காருங்க."

உட்கார்ந்தேன். நானும் ஒரு செடியை எடுத்து ஆய ஆரம்பித்தேன். கையிலிருந்த செடியை ஆய்ந்து முடித்துவிட்டுக் கேட்டாள்.

"அன்னிக்கி கை வெக்கச் சொன்னேனே. போனு ஒண்ணும் அடிக்கல, எனுக்குத் தெரியும். ஏன் வெக்கல?"

"பயந்துட்டேன்" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையைச் சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலும் சுடுகாட்டிலும் வராதது, மல்லாட்டைக் குவியலுக்கு முன்னால் சின்னப் பிள்ளை மாதிரி வந்தது. மூக்கை மண் கையால் துடைத்துக்கொண்டேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஊருக்கே தைரியம் சொன்னவரு."

"ஆமா."

"எனுக்கும்தான் பயமா இருந்துச்சி. நீங்க தைரியமா இருக்கீங்களே, நம்ம பயம் தெரியக் கூடாதுன்னு சொல்லாம இருந்தேன். அன்னிக்கே சொல்லி இருந்தீங்கன்னா ரெண்டு பேரும் சேந்து பயந்திருப்பமே."

இதைச் சொல்லும்போது அவள் குரலில் கோபம் இல்லை. பழைய குரல். இனி வந்துவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது. பை எடுத்துக்கொள்ளச் சொல்லலாமா, சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாமா என்றெல்லாம் மனசுக்குள் ஓடியது. அவள் கையிலிருந்த செடியை மடியில் வைத்துக்கொண்டு, என் பக்கம் கொஞ்சம் நகர்ந்து, யாருக்கும் கேட்காதபடி கேட்டாள்.

"பாப்பா யாரு மாரி இருந்தா?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை.

"எனுக்கு ஊசி போட்டுட்டாங்க இல்ல. கண்ணு முழிச்சப்ப எல்லாம் முடிஞ்சிடுச்சி. அம்மாகிட்ட கொண்டாரும்போதே முழுசா துணி சுத்தி இருந்துச்சாம். நைனாவ கேட்டேன். மூஞ்சத் தொறந்து பாக்கத் தெம்பு இல்லம்மான்னு அழுவறாரு. நீங்க பாத்திருப்பீங்க. பெத்தவராச்சே. சொல்லுங்க, உங்கள மாரியா, என்ன மாரியா?"

உன்னை மாதிரிதான் என்று சொல்லியிருக்கலாம். சுருட்டை முடி என்று சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. இவ்வளவு நாள் பேசாத உண்மையை அப்போதுதான் ஒன்று பேசியிருந்தேன். அதே வாயால் அடுத்த நிமிடமே பொய் சொல்ல முடியவில்லை.

"பாக்கல. தூரமா நின்னுட்டேன்."

அவள் மடியிலிருந்த செடியை எடுத்துக் குவியலில் திரும்பப் போட்டாள். இரண்டு கையையும் தட்டி மண்ணை உதறினாள்.

"அப்ப நம்ம யாருமே அவள பாக்கல" என்று சொல்லிவிட்டு எழுந்து வீட்டுக்குள் போனாள்.